கடைசிக் கரி நாள்

2022 மார்ச் கடைசியில நாடு முழுக்க 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தது எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். மெழுகுதிரி வெளிச்சத்தில பாஸ்ட் பேப்பர் செய்த பரம்பரை நாங்கள். அந்த நாட்களில வீட்டில பெரியாக்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒரே கேள்விதான்: நுரைச்சோலை ஓடுதா, இல்லையா? நிலக்கரி எண்டால் எங்களுக்கு முதலில வாறது கரும்புகை இல்லை. வீட்டில லைட் எரியுறதுதான்.

அதனாலதான் 2024 செப்டெம்பர் 30ஆம் தேதி வந்த செய்தி எங்கட வாசிப்பு வட்டத்தில ஒரு சண்டையைக் கிளப்பினது. இங்கிலாந்தின் நொற்றிங்ஹாம்ஷயரில இருக்கிற ரட்கிளிஃப் அனல்மின் நிலையம் அண்டைக்கு மூடப்பட்டது. பிரித்தானியாவில நிலக்கரியில மின்சாரம் எடுத்த கடைசி நிலையம் அது. "தொடங்கினவங்களே விட்டிட்டாங்கள், நாங்கள் ஏன் விடேலாது?" எண்டு ஒருத்தர் கேட்டார். "எரிக்கவேண்டியதெல்லாம் எரிச்சு முடிச்சுப்போட்டு இப்ப எங்களுக்கு வகுப்பெடுக்கினம்" எண்டு இன்னொருத்தி. சண்டை முடியேல்லை. சரி, உண்மையில அங்க என்னதான் நடந்தது, நிலக்கரியை யார், எப்ப, எதுக்காக விட்டது எண்டு வாசிச்சுப் பார்ப்பம் எண்டு தொடங்கினதுதான் இந்தக் கட்டுரை.

1882 ஜனவரியில லண்டன் ஹோபர்ன் பாலத்தடியில எடிசனின் கம்பனி ஒரு நீராவி எஞ்சினை ஓட்டி, தெரு விளக்குகளையும் பக்கத்துக் கட்டடங்கள் சிலதையும் எரிய வைச்சது. பொதுப் பாவனைக்கு மின்சாரம் குடுத்த உலகின் முதல் நிலக்கரி மின்நிலையம் எண்டு அதைத்தான் சொல்லுறது. வியாபாரமாப் பார்த்தால் அது நட்டம். நாலு வருஷத்தில மூடிப்போட்டினம். ஆனால் அந்தத் தொடக்கத்துக்கும் ரட்கிளிஃபின் முடிவுக்கும் இடையில 142 வருஷம்.

நிலக்கரி அதுக்கும் கனகாலம் முந்தினது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலயே லண்டனில கரி எரிக்கக்கூடாது எண்டு அரசன் கட்டளை போட்டிருக்கிறான், ஒருத்தரும் கேட்கேல்லை. பிறகு நீராவி எஞ்சின், பருத்தி ஆலை, ரயில், கப்பல். 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில உலகத்திலயே ஆகக்கூடின நிலக்கரியைத் தோண்டினதும் எரிச்சதும் பிரித்தானியாதான். உச்சம் 1913. அந்த ஒரு வருஷத்தில 28 கோடி தொன்னுக்கு மேல தோண்டி எடுத்திருக்கினம். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஆக்களுக்குச் சுரங்கத்தில வேலை. எடுத்ததில ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நாட்டுக்கு வெளியில போனது, பெரும்பாலும் கப்பலுகளின் வயித்துக்குள்ள.

அதில ஒரு பங்கு எங்கட கரைக்கும் வந்தது. 1869இல சுயெஸ் கால்வாய் திறந்த பிறகு நீராவிக் கப்பல்களுக்கு வழியில கரி நிரப்ப ஒரு இடம் தேவைப்பட்டது. 1875இல கொழும்புத் துறைமுகத்தில அலைதடுப்பு அணை கட்டத் தொடங்கினதுக்குப் பின்னால இருந்த பெரிய காரணம் அதுதான். காலியில நின்ற கப்பலுகள் கொழும்புக்கு மாறின. வேல்ஸ் பள்ளத்தாக்கில தோண்டின கரி கொழும்பில மலைமாதிரிக் குவிஞ்சு கிடந்தது. பிறகு வங்காளத்துக் கரியும் வந்தது. அதைக் கூடையிலயும் சாக்கிலயும் சுமந்து கப்பலில ஏத்தின தொழிலாளரில பலர் இந்தியாவிலிருந்து வந்தவை. தேயிலைத் தோட்டத்தின் கதை எங்களுக்குப் பாடப்புத்தகத்தில கொஞ்சமாவது வரும். துறைமுகத்தில கரி சுமந்தவையின்ர கதை அந்தளவுக்கும் வாறேல்லை.

1913 எண்ட வருஷத்தை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்லவேணும். அந்த ஒக்ரோபர் 14ஆம் தேதி தெற்கு வேல்ஸில செங்கெனித் எண்ட ஊரின் சுரங்கம் வெடிச்சது. 439 பேர் செத்தவை. காப்பாத்தப் போன ஒருத்தரும் செத்தார். பிரித்தானியச் சுரங்க வரலாற்றில ஆக மோசமான விபத்து அதுதான். விசாரணை முடிவில முகாமையாளருக்கு 24 பவுண் தண்டம், கம்பனிக்கு 10 பவுண். கணக்குப் போட்டுப் பாருங்கோ, ஒரு உயிருக்கு எவ்வளவு வருது எண்டு. உச்ச உற்பத்தியும் உச்ச சாவும் ஒரே வருஷம்.

இனிக் காற்றுக்குப் போவம். ஒரு தொன் நிலக்கரி எரிஞ்சால் ரெண்டு தொன்னுக்கு மேல காபனீரொட்சைட்டு வெளியில வரும். இது பிழை இல்லை: கரியில இருக்கிற காபனோட காற்றில இருக்கிற ஒட்சிசனும் சேருறதால நிறை கூடுது. இந்த வாயு வெப்பத்தைப் பிடிச்சு வைக்கும் எண்டது 19ஆம் நூற்றாண்டிலயே தெரிஞ்ச விசயம். ஆனால் மனுசர் எரிச்சு எரிச்சே உலகம் ஏற்கனவே சூடாகிக்கொண்டு வருது எண்டு அளவுகளை வைச்சுச் சொன்னவர் கை காலண்டர் எண்ட ஆங்கிலேயர், 1938இல. ஆள் வானிலை விஞ்ஞானி இல்லை, நீராவி எஞ்சினியர்! ஓய்வு நேரத்தில பல நாட்டு வெப்பநிலைப் பதிவுகளைச் சேர்த்து, கையால கணக்குப் போட்டவர். அதுக்கு முந்தின 50 வருஷத்தில மனுசர் ஏறத்தாழ 15,000 கோடி தொன் காபனீரொட்சைட்டைக் காற்றில சேர்த்திருக்கினம் எண்டு எழுதினார். வேடிக்கை என்னவெண்டால், இது நல்ல விசயம் எண்டுதான் அவர் நினைச்சவர். குளிர் நாட்டுக்காரர்தானே. பனியுகம் திரும்பி வாறதை இது பின்போடும் எண்டது அவர் எண்ணம். அந்தக் காலத்து நிபுணர்கள் அவரைப் பெரிசா எடுக்கேல்லை. 1958இல சார்ள்ஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில அளக்கத் தொடங்கின பிறகுதான் காற்றில காபனீரொட்சைட்டு வருஷாவருஷம் ஏறுறது ஐமிச்சமில்லாமல் தெரிஞ்சது. அண்டைக்குப் பத்து லட்சத்தில 315 அளவு. இண்டைக்கு 420ஐத் தாண்டியிட்டுது.

ஆனால் பிரித்தானியா முதன்முதலில நிலக்கரிக்கு எதிராப் போட்ட பெரிய சட்டத்துக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 1952 டிசெம்பர் 5 தொடக்கம் 9 வரை லண்டனைப் புகைமூட்டம் மூடினது. அப்ப சொன்ன கணக்கு 4,000 சாவு, பிறகு வந்த ஆய்வுகள் 12,000 வரை சொல்லுது. அதுக்குப் பிறகுதான் 1956இல தூய காற்றுச் சட்டம். வீட்டு அடுப்பில புகை வாற கரி எரிக்கிறது நகரங்களில தடுக்கப்பட்டது. கண்ணுக்குத் தெரிஞ்ச புகை குறைஞ்சது. கரி எரியுறது குறையேல்லை, இடம் மாறினது: நகரத்து அடுப்பிலிருந்து ஆத்தங்கரையில கட்டின பிரமாண்ட மின்நிலையங்களுக்கு. 1960களின் கடைசியில ஓடத் தொடங்கின ரட்கிளிஃபும் அப்பிடி ஒண்டுதான், 2,000 மெகாவொட், எட்டுக் குளிரூட்டும் கோபுரம், 199 மீற்றர் உயரப் புகைபோக்கி. புகைபோக்கி உயர உயர உள்ளூர்ச் சனத்துக்கு நிம்மதி. கந்தகம் மட்டும் காற்றில ஏறிப் போய் நோர்வேயிலயும் சுவீடனிலயும் அமில மழையாக் கொட்டினது. காபனீரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை, அதைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு செய்யேல்லை.

இதுக்கிடையில 1947இல சுரங்கங்கள் அரசுடைமையாகியிருந்தன. முதலாளி போய் அரசாங்கம் வந்ததால எல்லாம் சரியாப் போச்சு எண்டில்லை. 1966 ஒக்ரோபர் 21 காலைமை, அபர்வான் எண்ட வேல்ஸ் கிராமத்தில சுரங்கக் கழிவு மலை சரிஞ்சு பள்ளிக்கூடத்துக்கு மேல விழுந்தது. 144 பேர் செத்ததில 116 பேர் சின்னப் பிள்ளைகள். ஊருக்கு மேல மிச்சமாக் கிடந்த கழிவு மலைகளை அகற்ற, சனம் அந்தப் பிள்ளைகளின் பேரில சேர்த்த நிவாரண நிதியிலிருந்தே 150,000 பவுணை எடுத்தினம். அந்தக் காசு திரும்பக் கிடைக்க 1997 ஆனது, வட்டி இல்லாமல். இதை வாசிச்ச அண்டைக்கு எங்கட வட்டத்தில ஒருத்தரும் கனக்கக் கதைக்கேல்லை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வாறம். பிரித்தானியச் சுரங்கங்கள் உண்மையில எப்ப உடைஞ்சது? காலநிலை மாநாடுகளில இல்லை. 1984 மார்ச்சில, 20 சுரங்கத்தை மூடி 20,000 வேலையைக் குறைக்கப் போறம் எண்டு நிலக்கரிச் சபை அறிவிச்ச பிறகு. சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஒரு வருஷம் வேலைநிறுத்தம் செய்தது. 1974இல கன்சர்வேட்டிவ் அரசாங்கம் ஒண்டு விழுந்ததே சுரங்கத் தொழிலாளரின்ர வேலைநிறுத்தத்துக்கு நடுவிலதான்; மார்கிரட் தச்சர் அதை மறக்கேல்லை. இந்தமுறை அரசாங்கம் முன்கூட்டியே கரியைக் குவிச்சு வைச்சுக்கொண்டு நின்றது. ஜூன் 18ஆம் தேதி யோர்க்ஷயரில ஓர்கிரீவ் எண்ட இடத்தில குதிரைப் பொலிஸ் தொழிலாளருக்குள்ள பாய்ஞ்சது. பிடிபட்ட 95 பேருக்குக் கலவரக் குற்றச்சாட்டுகள் போட்டாங்கள், நீதிமன்றத்தில பொலிஸின்ர சாட்சியம் நிற்கேல்லை, வழக்கு விழுந்தது. பெண்கள் ஊர் ஊரா பொதுச் சமையல் போட்டுச் சனத்துக்குச் சாப்பாடு குடுத்தினம். 'ப்ரைட்' படம் பார்த்தவைக்கு அந்தக் காலம் கொஞ்சம் பிடிபடும். லண்டனிலிருந்து வேல்ஸ் சுரங்கக் கிராமத்துக்குக் காசு சேர்த்துக் குடுத்த தற்பாலீர்ப்பாளர் குழுவின் உண்மைக் கதை அது. நொற்றிங்ஹாம்ஷயர் சுரங்கத் தொழிலாளரில பெரும்பாலானவை மட்டும் வேலைநிறுத்தத்தில சேரேல்லை. அந்தக் கோபம் இண்டைக்கும் அந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குள்ள ஆறேல்லை எண்டு சொல்லுவினம்.

1985 மார்ச்சில சங்கம் தோத்துப் போனது. மூண்டரை வருஷம் கழிச்சு, 1988 செப்டெம்பரில, அதே தச்சர் லண்டன் றோயல் சொசைற்றியில உலகம் சூடாகிறதைப் பற்றிப் பேசினார். அடுத்த வருஷம் ஐ.நா. பொதுச் சபையிலயும் பேசினார். இரசாயனவியல் படிச்சவர், விஞ்ஞானம் விளங்காமல் பேசேல்லை. பெரிய நாடு ஒண்டின் தலைவர் இவ்வளவு வெளிப்படையா இதைப் பேசினது அப்ப புதுசு. அதனால சிலர் இண்டைக்குப் பின்னோக்கிப் பார்த்து, சுரங்கங்களை மூடினதே ஒரு காலநிலை நடவடிக்கை மாதிரி எழுதுகினம். பிழை. 1984இல நடந்தது ஒரு தொழிற்சங்கத்தை உடைக்கிற வேலை. ஆண்டு வரிசையைப் பார்த்தாலே போதும்.

அதுக்குப் பிறகு வந்ததும் சந்தைதான். 1990இல மின்சாரம் தனியாருக்குப் போனது. வட கடலில எரிவாயு மலிவு, எரிவாயு மின்நிலையம் கட்டுறதும் கெதி. 1992 ஒக்ரோபரில, மிஞ்சியிருந்த 50 சுரங்கத்தில 31ஐ மூடப்போறம் எண்டு அரசாங்கம் அறிவிச்சது. ஏறத்தாழ 30,000 வேலை. எரிவாயு எரியேக்க அதேயளவு மின்சாரத்துக்கு நிலக்கரியின் பாதியளவு காபனீரொட்சைட்டுத்தான் வரும். அதனால பிரித்தானியாவின் கணக்குத் தன்பாட்டில குறைஞ்சது. 1997இல கியோட்டோ உடன்படிக்கையில அவையள் 12.5 வீதம் குறைக்கிறம் எண்டு ஏற்றுக்கொண்டதும், பிறகு அதைச் சுகமா எட்டினதும் பெருமளவு இதாலதான். பரீட்சைக்கு முதலே பாதி விடை எழுதிக் கிடந்த மாதிரி.

இன்னொரு விசயம் எங்களுக்கே ஆச்சரியமா இருந்தது. சுரங்கங்களை மூடிப்போட்டு நிலக்கரியை விட்டவையோ எண்டு பார்த்தால், இல்லை. 2012இலயும் பிரித்தானிய மின்சாரத்தில ஏறத்தாழ 40 வீதம் நிலக்கரியிலிருந்து. கரி ரஷ்யாவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில வந்தது. அதாவது சுரங்கக் கிராமங்கள் வேலையில்லாமல் கிடக்க, பக்கத்து மின்நிலையத்தில வெளிநாட்டுக் கரி எரிஞ்சது. ஊரும் போச்சு, புகையும் நிற்கேல்லை.

அப்ப காலநிலைக்காக எண்டே நடந்தது எது? அது கடைசிப் பதினைஞ்சு வருஷக் கதை, அதில எங்கட வயதுக்காரர் நிறையப்பேர் வருகினம். 2007 ஒக்ரோபரில கென்ட் மாவட்டத்துக் கிங்ஸ்நோர்த் மின்நிலையத்தின் புகைபோக்கியில கிறீன்பீஸ் ஆக்கள் ஏறி, பிரதமர் கோர்டன் பிரவுணின்ர பேரை எழுதினவை. அங்க புதுசா ஒரு நிலக்கரி நிலையம் கட்டத் திட்டம் இருந்தது. சேதம் விளைவிச்ச வழக்கில அவையின்ர வாதம்: இதைவிடப் பெரிய சேதத்தைத் தடுக்கத்தான் செய்தம். அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் ஹான்சன் எண்ட காலநிலை விஞ்ஞானி வந்து சாட்சி சொன்னார். 2008இல ஜூரி ஆறு பேரையும் விடுதலை செய்தது. அந்த நிலையம் கட்டப்படவே இல்லை. 2009 ஏப்ரிலில ரட்கிளிஃபுக்குள்ள போய் நிறுத்தத் திட்டம் போட்டிருந்த 114 பேரை, போறதுக்கு முதலே நடுச்சாமத்தில பொலிஸ் அள்ளினது. எப்பிடித் தெரிஞ்சது? ஏழு வருஷமா நண்பனா நடிச்சுக்கொண்டு கூடத் திரிஞ்ச ஒருத்தர் இரகசியப் பொலிஸ். விசயம் வெளியில வந்து, 20 பேருக்குக் குடுத்த தீர்ப்பு 2011இல ரத்தானது. புலனாய்வுக்காரர் கூட்டத்துக்குள்ள வந்து குந்தியிருக்கிறது எங்கட நாட்டு விசயம் மட்டும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தம்.

தெருவில இது நடக்கேக்க, பாராளுமன்றத்தில 2008இல காலநிலை மாற்றச் சட்டம் வந்தது. 2050க்குள்ள வெளியேற்றத்தை 80 வீதம் குறைக்கவேணும், அரசாங்கம் மாறினாலும் சட்டம் கட்டுப்படுத்தும். எதிர்த்து வாக்களிச்ச உறுப்பினரை ஒரு கை விரலில எண்ணலாம். 2019இல அது நிகர பூச்சியமாக மாற்றப்பட்டது. ஆனால் எங்களைக் கேட்டால் நிலக்கரியைக் கொன்றது 2013இல வந்த ஒரு சலிப்பான கணக்கு விசயம்: மின்நிலையம் வெளியில விடுற ஒவ்வொரு தொன் காபனீரொட்சைட்டுக்கும் ஒரு அடிமட்ட விலை. அதோட கடலில காற்றாலை பெருகினது. நிலக்கரி எரிக்கிறது நட்டமா மாறினது. 2012இல 40 வீதமா இருந்தது 2019இல ரெண்டு வீதம். 2017 ஏப்ரில் 21, 1882க்குப் பிறகு பிரித்தானியாவில நிலக்கரி மின்சாரமே இல்லாத முதல் முழு நாள். நூறு வருஷத்துக்கு மேல எடுத்து ஏறின மலையிலிருந்து ஏழு வருஷத்தில இறங்கியிட்டினம். "விடேலாது, கனகாலம் எடுக்கும்" எண்டு சொல்லுற ஆக்களுக்கு இந்த ஏழு வருஷத்தைக் காட்டலாம். முதல் சொன்ன நண்பர் அந்தளவில வெண்டிட்டார்.

கணக்கில ஓட்டைகளும் இருக்கு. ஐரோப்பாவிலயே பெரிய நிலக்கரி நிலையங்களில ஒண்டா இருந்த டிராக்ஸ் இப்ப அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்து வாற மரத்துண்டுகளை எரிக்குது. புகைபோக்கியில வாறது காபனீரொட்சைட்டுத்தான், ஆனால் மரம் திரும்ப வளரும் எண்டு சொல்லி அதைப் பூச்சியமா எழுதுகினம். வெளிநாட்டில செய்து கொண்டுவாற பொருளின் புகை செய்த நாட்டின் கணக்கில. பாட்டன் காலத்தில கொழும்பில கரி நிரப்பின கப்பலின் புகை யாரின் கணக்கில எண்டு கேட்க ஒரு படிவமும் இல்லை.

ரட்கிளிஃப் மூடினது பரவாயில்லாமல் நடந்தது. கடைசியில இருந்த 170 பேரளவுக்கு முன்கூட்டியே தெரியும், சங்கத்தோட பேசி, பயிற்சி குடுத்து, ஒரு பகுதியை நிலையத்தைப் பிரிக்கிற வேலைக்கு வைச்சுக்கொண்டினம். ஆனால் அதே செப்டெம்பர் 30ஆம் தேதி வேல்ஸில போர்ட் டால்பட் உருக்காலையின் கடைசி ஊதுலையும் அணைஞ்சது. நிலக்கரியில ஓடின உலைக்குப் பதிலா மின்சார உலை வருமாம், அதுக்குச் சில வருஷம் செல்லும், அதில இவ்வளவு ஆக்கள் தேவையும் இல்லை. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வேலை அங்க போனது. ஒரே நாள், ஒரே காரணம். ஒண்டைக் கொண்டாடிச்சினம், மற்றதுக்கு அழுதினம்.

இங்க எங்கட கதைக்கு வந்தால், 2021இல புதுசா நிலக்கரி நிலையம் கட்டமாட்டம் எண்டு ஏழு நாடுகள் சேர்ந்து ஒரு இணக்கம் தொடங்கினவை. அதில பிரித்தானியாவும் இருக்கு, இலங்கையும் இருக்கு. சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும் ஒரே இடத்தில நிண்டு போடேல்லை: எங்கட ஒரேயொரு நிலக்கரி நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கினதே 2011இலதான். இலங்கையர் ஒருத்தர் வருஷத்தில வெளிவிடுறது ஏறத்தாழ ஒரு தொன் காபனீரொட்சைட்டு. பிரித்தானியர், இவ்வளவு குறைச்ச பிறகும், நாலு தொன்னுக்கு மேல. ரெண்டாவதாச் சொன்னவளின்ர கதையும் பொய் இல்லை.

அந்த ரெண்டாவது ஆள் மூதூர்ப் பக்கம். இரண்டாவது நிலக்கரி நிலையம் வர இருந்தது அவளின்ர ஊருக்குப் பக்கத்தில, சம்பூரில. 2006இல சண்டையில அந்தச் சனம் இடம்பெயர்ந்தது, காணி உயர் பாதுகாப்பு வலயமாச்சு, பிறகு இந்தியாவோட சேர்ந்து 500 மெகாவொட் அனல்மின் நிலையம் எண்டு வரைபடத்தில வந்தது. வருஷக்கணக்கா முகாமில இருந்து, போராடி, வழக்குப் பேசி, 2016இல திட்டம் கைவிடப்பட்டது. இப்ப அதே சம்பூரில சூரிய மின்நிலையம். 2025 ஏப்ரிலில தொடக்கி வைச்சவை.

"சூரிய ஒளி நல்லதுதான்" எண்டு அவள் சொன்னாள். "ஆனால் கரிக்கு எண்டு எடுத்த காணியைப் பற்றி எங்களிட்ட கேட்கேல்லை. வெயிலுக்கு எடுக்கேக்கயாவது கேட்டவையோ எண்டு நீங்கள் எழுதேக்க ஒரு வரி போடுங்கோ."

போட்டிருக்கிறம்.